ஸ்லே த ஸ்பயர்: காசு போகாது, தூக்கம் போகும்

"சார், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல சீட்டு ஆடுறான் சார்" என்று பதறிப் போய் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது விளையாட்டின் பெயரைத்தான். அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளை வருடக்கணக்காகப் படித்த ஊர் இது. தமிழ்நாடு அரசு 2022-இல் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் போட்டது. ஆனால் சில சமயம் பையன் போனை நீட்டிக் காட்டும்போது அதில் இருப்பது ரம்மி இல்லை, ஸ்லே த ஸ்பயர். பந்தயம் கிடையாது, எதிரில் ஆள் கிடையாது, ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் அதற்குப் பிறகு உள்ளே எதையும் வாங்கச் சொல்லாது. அதைக் கேட்டதும் அம்மா அப்பா முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கார்டைப் பார்த்ததுமே சூதாட்டம் என்று முடிவுகட்டுவது நம் பெற்றோர் மட்டும் செய்வதில்லை. 2024-இல் வந்த பலாட்ரோ, போக்கர் கைகளை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு, அதிலும் பந்தயம் இல்லை. போக்கர் தோற்றம் இருக்கிறது என்பதற்காக ஐரோப்பாவின் வயதுத் தரம் கொடுக்கும் அமைப்பான பெகி அதற்கு 18 வயது முத்திரை குத்தி, முறையீடு வந்தபிறகு 2025 பிப்ரவரியில் 12-ஆகக் குறைத்தது. ஆக, குழப்பம் அந்த அளவுக்கு இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இரண்டு பேர் தொடங்கிய மெகா க்ரிட் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் செய்தது. 2017 நவம்பரில் அரைகுறை வடிவத்தில் விற்பனைக்கு வந்து, ஆடுகிறவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2019 ஜனவரியில் முழுசாக வெளியானது. ஐபோனுக்கு 2020-இலும் ஆண்ட்ராய்டுக்கு 2021-இலும் வந்தது. பூதமும் பிசாசும் இருக்கிற ஒரு கோபுரத்தில் ஏற வேண்டும். ஆயுதத்துக்குப் பதில் கார்டு. முதல் வீரன் அயர்ன்கிளாட் 10 கார்டுகளோடு தொடங்குவான், உங்கள் முறை வரும்போதெல்லாம் 5 கார்டு கைக்கு வரும், செலவழிக்க 3 எனர்ஜி. சண்டையில் ஜெயித்தால் மூன்று கார்டு காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்கும். உயிர் போனால் சேர்த்த கார்டு, தங்கம், மந்திரப் பொருள் எல்லாம் போய், மறுபடி அடியிலிருந்து. வழியும் எதிரிகளும் ஒவ்வொரு தடவையும் மாறும். இந்த வகையை ரோக்லைக் என்கிறார்கள்.

இதன் பெரிய பலம், எதையும் மறைக்காமல் விளையாடுவது. எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான், எத்தனை அடி அடிப்பான் என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட வேண்டியது உங்கள் வேலை. முதல் கட்டத்தில் கிரெம்லின் நாப் என்று ஒரு தடியன் வருவான், அவன் ஒருத்தனே போதும் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள. எண்பத்துச் சொச்சம் உயிர்ப்புள்ளி. முதல் முறை அடிக்க மாட்டான், ஒரு கத்தல் மட்டும். அதற்குப் பிறகு நீங்கள் ஸ்கில் வகைக் கார்டு (நேரடியாக அடிக்காமல், தடுப்பது போன்ற வேலை செய்வது) ஒன்றைப் போட்டால் அவன் வலு 2 கூடும். இப்போது அவன் தலைக்கு மேல் 14 என்று காட்டுகிறது. கையில் இரண்டு டிஃபெண்ட் இருக்கிறது, ஒவ்வொன்றும் 5 அடியைத் தடுக்கும், இரண்டையும் போட்டால் 4 தானே படும் என்று விரல் தானாகவே அங்கே போகும். ஆனால் டிஃபெண்ட் ஸ்கில் கார்டு. இரண்டு போட்டதும் 14 என்பது 18 ஆகிவிடும், 10 போக 8 படும். இரண்டு எனர்ஜியைக் கொட்டித் தப்பித்தது வெறும் 6 அடி, அப்புறம் அந்தக் கூடுதல் 4 சண்டை முடிகிறவரை அவனுடைய ஒவ்வொரு அடியிலும் வந்துகொண்டே இருக்கும். அவன் கத்திக்கொண்டிருந்த முதல் முறையிலேயே அடித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் பாஷ், பிறகு ஸ்ட்ரைக் என்ற அடிக்கும் கார்டுகளை அந்த வரிசையில் போட்டு. அப்போது பாஷின் 8-உம் ஸ்ட்ரைக்கின் 9-உம் சேர்ந்து 17. மாற்றிப் போட்டால் ஸ்ட்ரைக் 6 தான், மொத்தம் 14, ஏனென்றால் பாஷ் வாங்கியவனுக்கு அதற்குப் பிறகு விழும் அடி ஒன்றரை மடங்கு.

பயந்தால் பதுங்கு என்ற பழக்கம் எல்லா இடத்திலும் உதவாது என்பதை நான் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முயல்வதுண்டு. நாப் அதை நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவான். (பொறாமைதான்.)

கார்டு சேர்ப்பதிலும் இதே மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் கொடுக்கிற கார்டையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். 10 கார்டு இருந்தால் இரண்டு முறையில் கட்டு முழுவதும் கையில் வந்துவிடும். 30 ஆனால் ஆறு முறை ஆகும், நல்ல கார்டு வருவதற்குள் ஆளே காலி. அதனால் தேறியவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போவதும், கடையில் 75 தங்கம் கொடுத்து ஒரு கார்டைத் தூக்கி எறிவதும் சகஜம். கண்டதையெல்லாம் சேர்த்து வைக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும், பிறகு அதில் ஒரு ருசி வந்துவிடும். விளையாட்டில் வந்த இந்தப் புத்தி தானாகவே பரீட்சைக்கும் சம்பளக் கணக்குக்கும் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லி விற்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் அதைப் பற்றிப் பேசத் தொடங்க இது நல்ல இடம். வாயே திறக்காத பதினைந்து வயதுப் பையன்கூட ஏன் அந்தக் கார்டை எடுக்கவில்லை என்று கேட்டால் இருபது நிமிடம் பேசுவான்.

சரி, பலவீனத்துக்கு வருவோம். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. தொடக்கத்தில் நியோ என்ற ஒரு திமிங்கலம் வரம் கொடுக்கும், மற்றதெல்லாம் துண்டு துண்டாக வரும் சம்பவங்கள். பாத்திரங்களோடு பழகி, உரையாடி, ஒரு உலகத்துக்குள் வாழலாம் என்று ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) ஆசையில் வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். படங்களும் அசைவும் சுமார். போன் திரையில் எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டவர்கள் பாடு திண்டாட்டம். டைம் ஈட்டர் என்ற, கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி நீங்கள் 12 கார்டு போட்டதும் உங்கள் முறையைப் பாதியில் வெட்டிவிட்டுத் தன் வலுவையும் கூட்டிக்கொள்வான், சின்னச் சின்னக் கார்டுகளாக வீசும் கட்டு கட்டியவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். நான்காம் கட்டத்தில் வரும் இதயம் என்ற கடைசி எதிரியிடமோ நீங்கள் போடும் ஒவ்வொரு கார்டுக்கும் உங்கள் உயிரில் கொஞ்சம் குறையும், ஒரே முறையில் 300-க்கு மேல் அதை அடிக்கவும் முடியாது. இத்தனை தூரம் விதவிதமாக ஆடலாம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அதற்கு ஈடுகொடுக்கும் ஒருசில கட்டுகளுக்குள் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இதெல்லாம் விளையாட்டு விமர்சகர்கள் பேச வேண்டியது, நான் விட்டுவிடுகிறேன்.

என் அறைக்கு வருகிற பிரச்சினை வேறு. அது இந்த விளையாட்டின் நேர்மையிலிருந்தே முளைக்கிறது. எல்லாம் கண்ணெதிரே இருந்தது, நீதான் கணக்குப் போட்டாய், நீதான் தோற்றாய். நெட்வொர்க்கைத் திட்ட முடியாது, கூட ஆடியவனைத் திட்ட முடியாது, அதிர்ஷ்டத்தைத் திட்டினாலும் அனுபவசாலிகள் பெரும்பாலான ஆட்டங்களை ஜெயித்திருக்கலாம் என்றுதான் சொல்வார்கள். நிதானமான மனசுக்கு இது நல்ல பயிற்சி. ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் தன்னையே நொந்துகொள்கிற ஆளுக்கு, ராத்திரி ஒன்றரை மணிக்கு, இது கையில் கொடுத்த பிரம்பு. அந்த ஒரு கார்டை மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார். முழு ஆட்டம் ஒன்று சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ரம்மி மேசையில் பர்ஸ் காலியானால் எழுந்துதான் ஆக வேண்டும், இங்கே காலியாவதற்கு எதுவும் இல்லை என்பதால் எழுப்பவும் யாரும் இல்லை.

தோற்ற பிறகு வரும் திரையும் சும்மா விடாது. புள்ளிகள் சேர்ந்து ஒரு பட்டை நிறையும், நிறைந்தால் புதுக் கார்டும் பொருளும் திறக்கும், சரி இதை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றும். அது தீர்ந்தால் அசென்ஷன் இருக்கிறது: 20 படி, ஒன்றில் ஜெயித்தால்தான் அடுத்தது, ஒவ்வொரு படியிலும் ஒரு கஷ்டம் கூடும், நான்கு வீரர்களுக்கும் தனித்தனியாக. அடுத்த சண்டையில் என்ன கிடைக்கும் என்று தெரியாத அந்த எதிர்பார்ப்பு சூதாட்ட இயந்திரத்திலும் உண்டு என்பதை மறுக்க முடியாது. பணயம் பணம் இல்லை, அதுதான் வித்தியாசம். இதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. நன்றாகச் செய்திருக்கிறார்கள், அதனால்தான் இழுக்கிறது.

இதற்காக உடனே அடிமை என்று முத்திரை குத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதில் மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகிவிட்டதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறாரா, இதனால் படிப்போ வேலையோ உறவோ உருப்படியாகப் பாதிக்கப்பட்டிருக்கிறதா, இது பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. செமஸ்டர் லீவில் பத்து நாள் வெறித்தனமாக ஆடுவது இதில் சேராது.

நான் எத்தனை மணி நேரம் ஆடுகிறாய் என்று கேட்பதைவிட, ஜெயித்த பிறகு நிறுத்துகிறாயா தோற்ற பிறகு நிறுத்துகிறாயா என்றுதான் கேட்பேன். ஜெயித்து முடித்து வைக்கிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தோற்றால் வைக்கவே முடியாது, ஜெயிக்கிறவரை படுக்க மாட்டேன் என்கிறவர்களோடுதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. விளையாட்டுக்குள்ளேயே பழைய ஆட்டங்களின் பதிவு இருக்கிறது, தேதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடியது, எந்தத் தளத்தில் செத்தார், எல்லாம். அதைச் சேர்ந்து புரட்டினால் பெரும்பாலும் ஒரு உருவம் தெரிந்துவிடும்: பத்து மணிக்கு ஆடிய ஆட்டம் மேலே வரை போயிருக்கும், ஒரு மணிக்கு மேல் ஆடியதெல்லாம் முதல் கட்டத்திலேயே முடிந்திருக்கும். தூக்கமில்லாத மூளை கணக்குப் போடாது என்று நான் சொன்னால் அறிவுரை, அவர் பதிவே சொன்னால் வேறு கதை.

வீட்டில் நடக்கும் சண்டைக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன், இது பல பெற்றோருக்குத் தெரியாது. "அம்மா, இப்ப ஆஃப் பண்ணா எல்லாம் போயிடும்மா" என்பது உண்மை இல்லை. ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும். சண்டை நடுவில் வெளியே வந்தால் அந்தச் சண்டை மட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், இழப்பு சில நிமிடம். (தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் வெளியே வந்து அதே சண்டையைத் திரும்பத் திரும்ப ஆடுகிறவர்களும் உண்டு, அதுவே வழக்கமாகிவிட்டால் தோல்வியைத் தாங்க முடியாமை பற்றிப் பேச வேண்டிய நேரம்.) அதற்காகப் போனைப் பிடுங்கவும் வேண்டாம். "இந்தச் சண்டை முடிஞ்சதும் வை" என்று சொன்னால் பையனுக்கும் நியாயமாகப் படும், அது முடியவும் அதிக நேரம் ஆகாது. "இந்த ஆட்டம் முடியட்டும்" என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது இன்னும் ஒரு மணி நேரம். கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை வீழ்த்தியதும் பெட்டி திறந்து பொருள் எடுக்கும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துவது இன்னும் நல்லது.

கடைசியாக, காசு மிச்சம் என்று எங்கிருந்தோ எடுத்த திருட்டு ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) போடுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த விளையாட்டில் பணம் பறிபோக வழியில்லை, அதே போனில் உங்கள் யுபிஐ இருக்கும்போது அந்தக் கோப்பில் இருக்கிறது.