இன்வேசிவ் பிளான்ட்டுக்கு தமிழ்ல எது சரி: களையா, ஆக்கிரமிப்பா, ஊடுருவியா?

காட்டுல வெளிநாட்டு செடிகள அகற்றுற வேலையப் பத்தி தமிழ்ல எத படிச்சாலும் "அந்நிய களைச்செடி ஒழிப்பு"ன்னு ஒரே மூட்டையா கட்டி போட்டுடறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு சொல்லையும் பிரிச்சு பாத்தா மூணுமே இடிக்குது. அந்நியமா இருக்கறதெல்லாம் கெடுதல் இல்ல, களைங்கறது வயலோட கணக்கு, ஒழிப்புங்கறது முக்காவாசி இடத்துல நடக்கவே நடக்காத காரியம்.

மொதல்ல இன்வேசிவ், அதாவது வெளியில இருந்து வந்து பரவி கேடு பண்ற செடிக்கு இங்கிலீஷ்ல சொல்ற சொல். லத்தீன்ல "இன்வாதெரே"ன்னா உள்ள போறது, அவ்ளோதான், அதுவே படையெடுத்து நுழையறதுக்கு ஆகிப்போச்சு. செடிக்கும் பிராணிக்கும் இந்த படையெடுப்பு பேச்ச பெருசா கொண்டு வந்தவர் சார்லஸ் எல்டன்ங்கற இங்கிலாந்து சூழலியலாளர், 1958ல இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். செடிய எதிரி மாதிரி பேசறது சரியான்னு விஞ்ஞானிகளுக்குள்ளயே இன்னும் சண்டை ஓடிட்டுதான் இருக்கு.

சட்டத்துல வரும்போது அர்த்தம் இறுகுது. 1992ல வந்த உயிர்ப்பன்மய உடன்படிக்கைங்கற சர்வதேச ஒப்பந்தத்தோட 8வது பிரிவு, சூழலுக்கும் வாழிடத்துக்கும் மத்த உயிர்களுக்கும் ஆபத்தா இருக்கற அயல் இனங்கள வரவிடாம தடு, இல்லன்னா கட்டுப்படுத்து, இல்லன்னா ஒழின்னு சொல்லுது. அமெரிக்காவுல 1999ல வந்த அதிபர் ஆணைல ரெண்டு கண்டிஷன்: அந்த இடத்துக்கு சொந்தமில்லாததா இருக்கணும், கூடவே பொருளாதாரத்துக்கோ சூழலுக்கோ மனுஷ உடம்புக்கோ கேடு பண்ணனும் இல்ல பண்ணுற மாதிரி இருக்கணும். இந்த ரெண்டாவது கண்டிஷனத்தான் நாம "அந்நிய"ன்னு சொல்லும்போது முழுங்கிடறோம். 2023ல ஐபிபிஇஎஸ்ங்கற உயிர்ப்பன்மயத்துக்கான சர்வதேச அறிவியல் அமைப்போட அறிக்கை சொன்ன கணக்குப்படி மனுஷங்களால இடம் மாறி குடியேறின இனங்கள் 37,000க்கு மேல, அதுல ஊடுருவி கேடு பண்றதுன்னு சொல்றது 3,500க்கு மேல, அதாவது பத்துல ஒண்ணு. மீதி ஒம்போதும் அயல்தான், ஆனா அதது பாட்டுக்கு இருக்கு.

இன்னொண்ணு, அந்நியம்ங்கறது செடியோட குணமே இல்ல, இடத்தப் பொறுத்தது. ஹிமாலயன் பால்சம்னு ஒரு செடி, இமயமலைல அது பாட்டுக்கு பூத்துட்டு கெடக்கும், 1839ல பிரிட்டனுக்கு தோட்டச்செடியா கொண்டு போனாங்க, இப்ப அங்க ஆத்தங்கரை பூரா அதுதான். ஆஸ்திரேலியாவோட வாட்டில் மரம் தென்னாப்பிரிக்காவுல மலைத்தண்ணியெல்லாம் குடிக்குதுன்னு 1995ல அரசாங்கமே ஆள் வெச்சு வெட்ட ஒரு பெரிய திட்டம் ஆரம்பிச்சுது.

இப்ப களை. அழகான சொல், பெயரும் அதுதான் வினையும் அதுதான், களையறதுன்னா நீக்கறது, நீக்கப்பட வேண்டியது களை. 550வது குறள்ல பயிருக்கு நடுவுல களை எடுக்கறத சொல்ற வள்ளுவர், 879வதுல இன்னும் நமக்கு பக்கத்துல வர்றார்: "இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து". முள்மரத்த சின்னதா இருக்கும்போதே வெட்டிடு, முத்திப்போனா வெட்டறவன் கையத்தான் அது பதம் பாக்கும். பகையப் பத்தி சொன்ன குறள்தான், இருந்தாலும் இன்னைக்கு வனத்துறைகள்ல "சீக்கிரம் கண்டுபிடி, உடனே நடவடிக்கை எடு"ன்னு சொல்ற கொள்கை அச்சு அசலா இதுதான்.

ஆனா களைங்கறதுக்கு ஒரு பயிர் வேணும். நெல்லு நட்டவனுக்கு கோரை களை, அது எந்த நாட்டுதுங்கறது அவனுக்கு பிரச்சனையே இல்ல, உள்ளூர் புல்லும் களைதான். காட்டுல யாரும் எதையும் நடல, அங்க "எனக்கு வேணாம்"ங்கறத வெச்சு களைன்னு முத்திரை குத்த ஆரம்பிச்சா உள்ளூர் முள்ளுப்புதரும் சேந்து காலியாயிடும். அதனால பேச்சுக்கு களைன்னு சொல்லிக்கலாம், அர்த்தம் குறிச்சு எழுதற எடத்துல வேண்டாம்.

அயல் செடிக்கு மக்கள் வெச்ச சொல் ஒண்ணு ஏற்கனவே இருக்கு, சீமை. சீமைக் கருவேலம், சீமை அகத்தி. வடமொழி "சீமா"ன்னா எல்லை, அது எல்லைக்குள்ள இருக்கற நாடாச்சு, அப்புறம் கடல் தாண்டின நாடாச்சு. கப்பல்ல வந்ததுக்கெல்லாம் முன்னாடி சீமைன்னு ஒட்டிட்டாங்க, அதுல திட்டும் இல்ல பாராட்டும் இல்ல, வந்த வழிய மட்டும் சொல்லுது. அயல் இனத்த இங்கிலீஷ்ல ஏலியன்ங்கறாங்களே, அதுக்கு நேரான சொல் இதுதான்னு எனக்கு தோணும், ஆனா ஆவணத்துல எழுத ஒத்துக்க மாட்டாங்க, சரி, அயல்னு வெச்சுக்கலாம், நல்ல தமிழ், சின்ன சொல். வந்தேறின்னு சிலர் எழுதறாங்க, அது மனுஷங்கள திட்டற சொல்லா மாறி ரொம்ப நாளாச்சு, செடி விஷயத்துல அத இழுக்காம இருக்கறது நல்லது.

அடுத்தது ஆக்கிரமிப்பா ஊடுருவலா. ஆக்கிரமிப்புத் தாவரம்னு நிறைய பேர் எழுதறாங்க, பொருள் தப்பில்ல. சிக்கல் என்னன்னா இந்த விஷயமே அரசு வனநிலத்துல நடக்குது, அங்க ஆக்கிரமிப்புன்னு சொன்னா அது ஆளுங்க நிலத்த வளைச்சுப் போடறது. "காப்புக்காட்டில் ஆக்கிரமிப்பு அகற்றம்"னு செய்தி வந்தா புல்டோசர் வந்து வீட்ட இடிக்குதுன்னுதான் யாரும் படிப்பாங்க, உண்ணிச்செடிய (லான்டானா) புடுங்கறாங்கன்னு யாருக்கு தோணும்? ஊடுருவு அப்படி இல்ல. ஊடு, உருவு, நடுவுல புகுந்து மறுபக்கம் வர்றது. உண்ணிச்செடி பண்றதும் அதான், பறவை பழத்த தின்னுட்டு எச்சத்துல விதைய போடும், மரத்தடில முளைச்சு, புல்லு இருந்த எடமெல்லாம் புதராகி, கடைசில மான் மேய எடம் இல்லாம போகும். அதனால என் ஓட்டு "அயல் ஊடுருவித் தாவரம்"க்கு, சுருக்கமா ஊடுருவி.

இனி கன்ட்ரோல், எனக்கு இதுலதான் ஆர்வம் அதிகம். ஒழிப்புக்கு இங்கிலீஷ்ல எராடிகேஷன், அதுல ராடிக்ஸ் இருக்கு, லத்தீன்ல வேர், அதாவது வேரோட புடுங்கறது, நம்ம "வேரறுத்தல்" சொல்லுக்கு சொல் அதேதான். கன்ட்ரோலோட வேர் வேற, பழைய பிரெஞ்சுல "கோன்த்ரரோல்"னா கணக்கு சுருளோட இன்னொரு பிரதி, முதல் கணக்கு சரியான்னு ஒப்பிட்டு பாக்க வெச்சிருந்தது. ஒழிப்புல ஒரு நாள் வேலை முடியும், கட்டுப்பாட்டுல திரும்பத் திரும்ப வந்து சரிபாத்துட்டே இருக்கணும். கலிஃபோர்னியாவுல நடந்த ஒழிப்பு முயற்சிகள தொகுத்து பாத்தப்போ, செடி 1 ஹெக்டேருக்குள்ள இருந்தா பெரும்பாலும் ஒழிச்சிருக்காங்க, 1000 ஹெக்டேர தாண்டிட்டா வாய்ப்பு ரொம்பவே கம்மி. அப்படி பரவின செடிக்கு "ஒழிப்புத் திட்டம்"னு பேர் வெச்சு டெண்டர் விட்டா, வெட்டினதுக்கு பில்லு பாஸாகும், அடுத்த மழைக்கு திரும்ப முளைச்சிருக்கும், அதுக்கு காசு இருக்காது.

உண்ணிச்செடியவே எடுத்துக்கோங்க. தரைக்கு மேல வெட்டினா தூர்ல இருந்து பத்து கெளை தள்ளும், கொளுத்தினாலும் அப்படித்தான். அதனால தண்டும் வேரும் சேர்ற எடத்துக்கு கீழ, மண்ணுக்குள்ள கொஞ்சம் தோண்டி வேர வெட்டி, தூர தலைகீழா கவுத்துப் போட்டு காய விடற முறை இருக்கு, திரும்ப வேர் புடிக்காது. மரமா இருந்தா வெட்டின அடிக்கட்டைல உடனே களைக்கொல்லி மருந்து தடவணும், காஞ்ச பிறகு தடவினா உள்ள இழுக்காது. பூச்சிய விட்டு தின்ன வைக்கறதும் உண்டு, 1902லயே ஹவாயில உண்ணிச்செடிக்கு மெக்சிகோவுல இருந்து பூச்சி கொண்டு வந்து விட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 1926ல அர்ஜென்டினா அந்துப்பூச்சி ஒண்ண விட்டு சப்பாத்திக்கள்ளிய அடக்கினது பெரிய வெற்றி, ஆனா அதே பூச்சி 1989ல ஃபுளோரிடாவுக்கு வந்து சேந்து அங்க உள்ளூர் கள்ளியையே தின்ன ஆரம்பிச்சுது. களைய வந்ததே ஊடுருவி ஆயிடுச்சு.

அரசு வனம்ங்கறதால இன்னும் ஒரு சங்கடம், அதுக்குள்ள ரோடு போகுது, லாரி போகுது, நடக்கறவங்க போறாங்க, தீயணைக்க வர்ற வண்டி டயர்லயும் ஷூ மண்ணுலயும் விதை வரும். அமெரிக்க தேசிய வனங்கள்ல பல எடத்துல குதிரைக்கு எடுத்துட்டு போற வைக்கோலுக்கே களைவிதை இல்லைன்னு சான்று இருக்கணும். அங்க அரசாங்கமே நடச் சொன்ன கதையும் உண்டு: குட்ஸுக் கொடி 1876ல பிலடெல்ஃபியா கண்காட்சிக்கு ஜப்பான்ல இருந்து வந்துது, 1930கள்ல மண்ணரிப்ப தடுக்க நடுங்கன்னு அரசுத் துறையே நாத்து குடுத்துது, 1970 வாக்குல அதே அரசு அத களைப் பட்டியல்ல சேத்துது.

போர்டுலயோ திட்டத்துலயோ எழுதணும்னா "அயல் ஊடுருவித் தாவரக் கட்டுப்பாடு"ன்னு எழுதலாம். ஒழிப்புங்கற சொல்ல சின்ன எடத்துல, புதுசா முளைச்ச நாலு செடிக்கு மட்டும் வெச்சுக்கலாம்.