சியாச்சினில் ஹெலிகாப்டர் ஏன் நிற்பதில்லை?

வியாசர்பாடியில் பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2015 வெள்ளத்தில் மாடிகளுக்கு மேல் ஹெலிகாப்டர் நின்று உணவுப் பொட்டலம் போட்டதாக அம்மா சொல்வார். மெரினா வான் சாகசத்தில் ஹெலிகாப்டர்களை நானே பார்த்தேன். சியாச்சினில் காவல் நிற்கும் வீரர்களுக்கும் இப்படித்தான் அந்தரத்தில் நின்று பொருள்களை இறக்குவார்களா?"

மாட்டார்கள். அங்குள்ள உயரமான நிலைகளில், சுமையோடு அந்தரத்தில் நிற்கப் பெரும்பாலும் முடியாது. ஆனால் இறங்க முடியும், ஏற முடியும். நிற்க முடியாத ஒன்று எப்படி இறங்குகிறது என்பதில்தான் இந்தக் கேள்வியின் அழகு இருக்கிறது.

அந்த வேலையைச் செய்வது இந்திய விமானப்படையின் 114ஆவது ஹெலிகாப்டர் பிரிவு. 1964இல் லே நகரில் தொடங்கப்பட்டது. 'சியாச்சின் முன்னோடிகள்' என்று பெயர். 1978 அக்டோபரில் விமானப்படையின் சேட்டக் ஹெலிகாப்டர் சியாச்சின் பனியாற்றில் முதன்முதலாக இறங்கியது. 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினைக் கைப்பற்றும் ராணுவ நடவடிக்கையான ஆபரேஷன் மேகதூத் தொடங்கியபோது, குமாவோன் படைப்பிரிவு வீரர்களைப் பிலாஃபோண்ட் லா கணவாய்க்குச் சிறிது சிறிதாகக் கொண்டு சேர்த்தவை சீட்டா ஹெலிகாப்டர்கள். 1987 ஜூனில் ராணுவ வீரர் பானா சிங்கின் குழுவினர் கைப்பற்றிய சிகர நிலை 20,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அத்தகைய இடங்களுக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் உணவும் போவதும், நோயுற்றவர் கீழே வருவதும் இந்தச் சிறிய எந்திரத்தை நம்பித்தான்.

இனி இயற்பியல். காசிமேட்டில் விசைப்படகு கிளம்பும்போது பின்னால் தண்ணீர் கொந்தளித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். படகு தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது, அதனால் முன்னே போகிறது. ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் மேலே நிற்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 20,000 அடியில் அது 0.65 கிலோதான். அதே எடையைத் தாங்க, பாதியாகிவிட்ட காற்றை இன்னும் வேகமாகக் கீழே தள்ள வேண்டும். இங்கேதான் இயற்கை கறாராகக் கணக்குக் கேட்கிறது. நமக்கு வேண்டியது உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அது வேகத்தோடு நேராக வளர்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை ஆற்றல்; அது வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆகவே நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது மலிவு. கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவது செலவு. காற்றின் அடர்த்தி பாதியானால், அந்தரத்தில் நிற்கத் தேவைப்படும் திறன் சுமார் 40 சதவீதம் கூடுகிறது. அதே நேரத்தில் எஞ்சினும் அந்த மெல்லிய காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதன் திறனும் பாதியாகிறது. தேவை ஏற, கையிருப்பு இறங்குகிறது.

தப்பிக்க வழியும் அந்த மலிவு விதியிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், தான் ஏற்கெனவே கீழே ஓடவிட்ட காற்றையே இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. முன்னே நகரத் தொடங்கியதும் ஒவ்வொரு நொடியும் புதிய, அசையாத காற்று இறக்கைகளுக்கு வந்து சேர்கிறது. தள்ளக் கிடைக்கும் காற்று அதிகமாகிறது, ஆகவே மெதுவாகத் தள்ளினால் போதும், திறன் மிச்சமாகிறது. நிற்க முடியாத உயரத்திலும் பறக்க முடிவது இதனால்தான். எனக்கு இந்த விளைவின் மேல் தீராத வியப்பு உண்டு. பறப்பதை விட நிற்பது கடினம் என்று யாருக்குத் தோன்றும்?

எனவே விமானி நிற்காமலே இறங்குகிறார். முன்னோக்கிய வேகமும் உயரமும் ஒரே கணத்தில் தீரும்படி, நேராக ஹெலிபேடை நோக்கி வருகிறார். தரைக்கு மிக அருகில் சிறு உதவி கிடைக்கும்: கீழே போகும் காற்றைத் தரை தடுப்பதால் கொஞ்சம் திறன் மிச்சமாகும். ஆனால் சீட்டாவின் இறக்கை வட்டம் 11 மீட்டர் அகலம். மலைமுகட்டில் வெட்டிய சிறு தளத்தில் அந்தக் காற்று ஓரங்களில் வழிந்து பள்ளத்தாக்கில் விழுந்துவிடுகிறது. சரியில்லை என்றால் முன்கூட்டியே சரிவின் பக்கம் திரும்பிவிட வேண்டும். இறங்கிய பிறகும் எஞ்சின் அணைவதில்லை. இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்க, குனிந்து வரும் வீரர்கள் கேன்களை இழுத்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது மூக்கைத் தாழ்த்தி முகட்டின் விளிம்பைத் தாண்டுகிறார் விமானி. உயரத்தை விற்று வேகத்தை வாங்குகிறார்.

சீட்டாவின் இன்னொரு ரகசியம் அதன் எஞ்சின். இந்தியாவின் தேவைக்காகவே பிரான்சில் 1960களின் இறுதியில் வடிவமைக்கப்பட்ட எந்திரம் இது. இலகுவான பழைய உடலில் பெரிய ஹெலிகாப்டரின் எஞ்சினைப் பொருத்தினார்கள். 870 குதிரைத்திறன் தரக்கூடிய எஞ்சினுக்கு 550 என்று வரம்பு கட்டினார்கள். கீழே பயன்படாத அந்த மிச்சம், மேலே ஏற ஏறச் செலவாகிறது. சுமார் 4,500 மீட்டர் வரை 550 குறைவதில்லை. 1972இல் இதே வகை ஹெலிகாப்டரில் பிரெஞ்சு விமானி ஷான் பூலே 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட, மேலெழும் காற்றே இறக்கைகளைச் சுழற்ற, பத்திரமாகத் தரை சேர்ந்தார்.

வெயிலும் கணக்கில் சேரும். சூடான காற்று இலேசானது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி காயும்போது, கடலோரத் திருவொற்றியூரில் இருக்கும் ஹெலிகாப்டர் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவே உணரும். நம்மூர்ப் புழுக்கம் அதை இன்னும் கூட்டும். நீராவி காற்றைவிட இலேசானது. சியாச்சினில் 10 டிகிரி கூடினால் அடர்த்தி 4 சதவீதம் குறையும். மொத்த எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது 60 கிலோ: மூன்று மண்ணெண்ணெய் கேன்கள். அதனால்தான் வெயில் ஏறுமுன் பறப்பதில் அவ்வளவு அக்கறை.

சீட்டாக்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றுக்கு மாற்றாக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய இலகு ஹெலிகாப்டர் 2016இல் முதலில் பறந்தது. எஞ்சின் மட்டும் இன்னும் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின் திட்டம் தேஜஸ் போர் விமானத்துக்குப் போய்ச் சேரவில்லை. எஞ்சினுக்குள் சுழலும், வெப்பம் தாங்கும் உலோகத் தகடுகளுக்கான ஆராய்ச்சிக்கு நாம் போதிய பணமும் பொறுமையும் ஒதுக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இல் சுவிஸ் நாட்டு உதவியோடுதான் ரயில் பெட்டி செய்யத் தொடங்கியது. 2018இல் வந்தே பாரத் ரயிலைத் தானே வடிவமைத்துத் தண்டவாளத்தில் விட்டது. எஞ்சின் ஆய்வகங்களுக்கும் அப்படி இடையறாத நிதி தர வேண்டும். ஒரு திட்டம் தாமதமானால் மூடிவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.