கடலைக் காக்க ஊர் காசு தருமா?

"உங்கள் ஊர்க் கடல்வளத்தைப் பாதுகாக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்?" ஆய்வுப் படிவங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. திருகோணமலைக் கரையோரச் சங்கங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்கு வரும் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். கேட்க வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். சொன்னால் பிறகு வரியாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் சிலர் ஒரு சதமும் இல்லை என்பார்கள். உண்மை இரண்டிலும் இல்லை.

கொடுப்பது இந்த மக்களுக்குப் புதிதா என்ன? கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கிறார்கள், பள்ளிவாசலுக்குச் சந்தா கட்டுகிறார்கள், கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஊரே சேர்த்துக் கொடுக்கிறது. அங்கெல்லாம் காசு எங்கே போனது என்று கண்ணால் தெரியும். கணக்குக் கேட்க ஆளும் உள்ளூரிலேயே இருக்கும்.

மீன்வளத்தைக் காத்துப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு, அதாவது மீன்பிடி முகாமைத்துவத்துக்கு என்று சொல்லிக் கேட்டால் காசு போகும் இடம் தெரிவதில்லை. கொட்டியாரக்குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவலி வந்து விழும் இடம். ஆற்றுமுகமும் கண்டல் காடும் இருப்பதால் றாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கே வளர்கின்றன. சின்னக் கண் வலையைக் குடாக்கரையிலுள்ள மூதூர்க்காரர் விட்டுவிட்டால் குஞ்சு பெருத்து வெளிக்கடலுக்குப் போகும். பிடிப்பவர் வேறு யாரோவாக இருக்கலாம். "நான் காசும் தாறன், வலையையும் விடுறன். தங்கூசி வலை போடுறவனை ஆர் தம்பி பிடிக்கிறது?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். ஒற்றை நைலோன் இழையாலான இந்தத் தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அது கடலில் கிடப்பதும் எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பதில் இல்லாமல் உண்டியலை நீட்டுவது வீண்வேலை.

மனம் இருந்தாலும் கையில் இருக்க வேண்டுமே. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. சின்ன போட்களின் எஞ்சின் ஓடுவது அதில்தான். போன தடவை "தருவோம்" என்றவர் அதற்குப் பிறகு இல்லையென்று தலையை ஆட்டினால் அவருக்குக் கடல்மேல் அக்கறை போய்விட்டது என்று எழுதிவிட முடியாது. அப்புறம், மாதச் சந்தா என்ற ஏற்பாடே எங்கள் கரைக்குப் பொருந்தாது. வாடைக் காற்று அடிக்கும் காலத்தில் போட் கரையில் கிடக்கும், அடுப்பே கடனில்தான் எரியும். கார்த்திகையில் தொடங்கினால் மார்கழியில் சந்தா நின்றுவிடும். மீன் விற்கும் இடத்திலேயே, விற்ற காசில் சிறு பங்காகக் கழித்துக்கொண்டால் நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் கொஞ்சம் கூடும், வெறுங்கையோடு வந்த நாளில் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கு அவர்களுக்குப் பழக்கமானது. கரையிலிருந்து கூட்டாக வலை இழுக்கும் கரைவலைக்காரர் காலங்காலமாகப் பங்கு போட்டுத்தானே வாழ்கிறார்கள்.

காசாகத்தான் தர வேண்டும் என்றும் இல்லை. கடலடிப் பவளப் பாரில் சிக்கிக் கிடக்கும் வலையை அறுத்தெடுக்க, மிதவை கட்ட, முறைவைத்துக் காவல் போக ஆள் வருவார்கள். எண்ணெய்ச் செலவை மட்டும் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த உழைப்பை ரூபாயாக்கிக் கணக்கில் சேர்க்காத ஆய்வு, கொடுக்க மனமில்லாத ஊர் என்று தப்பாக எழுதிவிடும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. நிலாவெளியில் புறாத்தீவுக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றும் போட்காரருக்கும், கரையோர ஹோட்டல்களுக்கும் சோறு போடுவது அதே பார்தான். மீன் முதலாளியும் ஐஸ் கம்பெனியும் அப்படித்தான். கடைசியில் வலைகாரர் வீட்டுக் கதவைத்தான் எல்லோரும் தட்டுகிறார்கள்.

சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி ஒரு கடற்பரப்பை முகாமைத்துவப் பகுதியாக அறிவிக்கலாம், அந்தப் பகுதிக் கடற்றொழிலாளரைக் கொண்டு குழுவும் அமைக்கலாம். சேரும் காசை அந்தக் குழுவே வைத்திருந்து, வரவு செலவை இறங்குதுறைப் பலகையில் சோக்கால் எழுதிப் போட்டால், அடுத்த முறை கேட்க வாய் கூசாது.

ஒன்று மட்டும் ஊரின் தலையில் கட்டக்கூடாது. மீன்கூட்டத்தை வளைத்து அள்ளும் சுருக்குவலையை எங்கே போடலாம், எப்படிப் போடலாம் என்று விதி இருக்கிறது. அதை மீறும் பெரிய போட்டை நடுக்கடலில் மறிப்பது அரசின் வேலை, அதற்குத்தான் வரி. அந்தச் செலவுக்கும் சேர்த்து மக்களிடம் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.