கேமரன் மலைக்கு எதில் போவது? கீழே இருக்கும் பட்டறைக்காரன் சொல்வது

பள்ளி விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் பட்டறை வாசலில் ஒரு வாடை அடிக்கத் தொடங்கும். ரப்பர் தீய்ந்த மாதிரியும் இருக்கும், இரும்பு காய்ந்த மாதிரியும் இருக்கும். பிரேக் கருகிய வாடை அது. கேமரன் மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டிகள் தாப்பா பட்டணத்துக்குள் நுழையும்போதே கொண்டு வருவது.

நான் தாப்பாவில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றிலும் தோட்டங்கள்தான். என் அப்பா காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. மலைக்கு ஏறுகிறவர்கள் யாரும் என்னிடம் நிற்பதில்லை. எண்ணெய் ஊற்றிக்கொண்டு, பசியாறிவிட்டு, சிரித்த முகத்தோடு போய்விடுவார்கள். இறங்கும்போதுதான் வருவார்கள். அதனால் இந்தப் பயணத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இறக்கத்திலிருந்து பார்த்தது.

போன ஆண்டுக் கடைசி விடுமுறையில் கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்று வந்தது. ஏழு பேர் உட்காரும் கார், ஏழு பேரும் இருந்தார்கள். ஓட்டி வந்த பையனுக்கு முப்பது வயது கூட இருக்காது. முன் சக்கரம் இரண்டிலும் புகை. இறங்கினவுடன் அவன் சொன்னது, "அண்ணே, பிரேக் மிதிச்சா அடி வரைக்கும் போவுது." பாட்டி மடியில் காய்கறிப் பையை வைத்தபடி என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தோம், வாங்கினார், குடிக்கவில்லை.

சூடு ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் விட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான பிரேக் டிஸ்க் மயில் கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பேடை எடுத்து விரலால் தடவினால் கண்ணாடி போல வழுக்குகிறது. பிரேக் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தால் உள்ளே கோப்பி ஓ நிறம்.

"பேட் போன மாசம்தான் மாத்துனேன் அண்ணே."

"கீர் எதுல வச்சு இறங்குனீங்க தம்பி?"

"டி-லதான். ஆட்டோ காருதானே, அதுவே பாத்துக்கும்னு..."

நல்ல பையன். நகரத்தில் கவனமாக ஓட்டுகிறவன் என்று பேசும்போதே தெரிந்தது. ஆனால் அவன் கேமரனுக்குப் போக முடிவு செய்தபோது போட்ட கணக்கு வேறு. ஏழு பேருக்குப் பேருந்து டிக்கெட் எவ்வளவு, காரில் போனால் எண்ணெயும் டோலும் எவ்வளவு, எது சீக்கிரம் போய்ச் சேரும். எல்லாமே ஏறுவதற்கான கணக்கு. இறங்கும்போது யார் ஓட்டப்போகிறார்கள், அவருக்கு மலை ஓட்டம் தெரியுமா, அன்றைக்கு எத்தனை மணிக்கு இறங்குவோம், எவ்வளவு தூங்கியிருப்பார் என்று யாருமே கேட்கவில்லை. எதில் போவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் வீட்டில் பேச வேண்டிய கேள்விகள் இவைதான் என்று நான் நினைக்கிறேன்.

மலைமேல் இருக்கிற பட்டணமான தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். தாப்பா கிட்டத்தட்ட அடிவாரம். நடுவில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சாலை. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்திலிருந்து கீழே வரும்போது எவ்வளவு சூடு பிறக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் அறுபது லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் இஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைப் பிரேக்தான் தாங்க வேண்டும், அதிலும் பெரும்பகுதியை முன் சக்கரங்களில் உள்ளங்கை அளவு இருக்கிற நாலு பேடும் அவற்றின் டிஸ்கும். இஞ்சின் பங்கைக் கூட்டினால்தான் பிரேக் பங்கு குறையும். குறைந்த கீரில் இறங்குவது என்பதற்கு அர்த்தம் அதுதான்.

பிரேக் எண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. மிதியை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். பேட் புதிதாக இருந்தும் எண்ணெய் பழையது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள், பெரிய செலவும் இல்லை. ஆனால் பேட் தேய்ந்தால் கிரீச்சென்று சத்தம் போட்டுச் சொல்லும், எண்ணெய் சொல்லாது. அதனால்தான் என்னிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது அதைத் தொட்டதே இல்லை என்கிறார்கள்.

சரி, எதில் போவது?

கோலாலம்பூரிலிருந்து நேராகப் போகிற பேருந்து முதல் வழி. பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கிற டிபிஎஸ் முனையத்தில் ஏறினால் தானா ராத்தாவில் இறங்கலாம். நாலிலிருந்து ஐந்து மணி நேரம், நெரிசல் நாளில் இன்னும் கூட. வீட்டில் மலை ஓட்டிப் பழகியவர் இல்லை என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தச் சாலையைத் தினமும் ஓட்டுகிற ஓட்டுநர் எந்த வளைவில் லாரி எட்டிப் பார்க்கும் என்று தெரிந்தவர். மேலே போன பிறகு கார் இல்லையே என்று கவலை வேண்டாம். தானா ராத்தா பட்டணத்தில் தங்கினால் நடந்தே சாப்பிடலாம், தேயிலைத் தோட்டம் பார்க்க அரைநாள் வேன் கிடைக்கும். விடுமுறையில் சொந்தக் காரோடு போனவர்கள் மலைமேல் இருக்கிற பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவில் மணிக்கணக்கில் நகராமல் நின்றிருப்பார்கள்.

பேருந்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற வேண்டாம். 2010 டிசம்பர் 20 அன்று கேமரனிலிருந்து இறங்கிய ஒரு சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் தாய்லாந்துக்காரர்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங்கிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். இரண்டும் இறங்கும்போது நடந்தவை. 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார் அணிவது கட்டாயம் ஆகியிருக்கிறது. உட்கார்ந்தவுடன் வாரைத் தேடுங்கள், பிள்ளைக்கும் மாட்டிவிடுங்கள். கோயில் பயணத்துக்கோ குடும்ப நாளுக்கோ மொத்தமாகப் பேருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விலை பேசும்போதே ஓட்டுநர் முந்தின இரவு எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் உங்களை ஏற்ற வருகிறவர் என்றால் வேறு நாள் பாருங்கள், இல்லையென்றால் வேறு ஓட்டுநரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரயில் இரண்டாவது வழி. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ஈடிஎஸ் என்கிற மின் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தாப்பா ரோடு. கழிவறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், முழங்கால் பிடிக்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: தாப்பா ரோடு நிலையம் தாப்பா பட்டணத்தில் இல்லை, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எல்லா ஈடிஎஸ் ரயிலும் அங்கே நிற்பதும் இல்லை, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மலைக்கு டாக்சி பேச வேண்டும். போவதற்குப் பேசும்போதே வருவதற்கும் பேசி, நாளும் நேரமும் சொல்லி வைத்துவிடுங்கள். மேலே போன பிறகு கைப்பேசியில் வண்டி தேடிக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள் பொழுது சாய்ந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு போன் போட்டுக் கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தக் கார் என்றால் இரண்டு சாலை. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு ஏறினால் பழைய சாலை, 59ஆம் எண். லாத்தா இஸ்கந்தார் அருவி தாண்டி ரிங்லெட், அப்புறம் தானா ராத்தா. குறுகல், ஓயாத வளைவு. பிள்ளைகள் வாந்தி எடுப்பது இந்தச் சாலையில்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற்றாதீர்கள், கையில் கைப்பேசி கொடுக்காதீர்கள், அருவியில் ஒருமுறை நிறுத்திக் காலார நடக்க விடுங்கள். இன்னொன்று, நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கூடுதலாகப் போய் சிம்பாங் பூலாயில் ஏறுவது. அகலமான சாலை, வளைவும் குறைவு. கம்போங் ராஜா பக்கம் கொண்டு சேர்க்கும். மலை ஓட்டம் புதிது என்றால் சிம்பாங் பூலாய் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் 2010 விபத்து நடந்தது அந்த அகலமான சாலையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வளைவு சாலை உங்களைத் தானாகவே மெதுவாக ஓட்ட வைக்கும். அகலச் சாலையில் இறக்கம் நீளம், வேகம் ஏறுவது காதுக்கும் தெரியாது. வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்தால்தான் தெரியும்.

சுங்கை கோயான் வழியாக ரிங்லெட்டுக்கு வருகிற சாலையும் ஒன்று உண்டு. வழியில் கடையும் பட்டறையும் அரிது, முதல் தடவைக்கு வேண்டாம்.

எந்தச் சாலையாக இருந்தாலும் பகலிலேயே ஏறி, பகலிலேயே இறங்குங்கள். மாலையில் மூடுபனி இறங்கும், மழை சேர்ந்தால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. காய்கறி லாரிகளும் பொழுது சாயும்போது பாரத்தோடு இறங்கும். வருஷக் கடைசி மழை மாதங்களில் மண் சரிவும் உண்டு. புறப்படும் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருநாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் தங்கிவிடுங்கள், வேலைக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

என் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ரப்பர்ப் பால் ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் ஓட்டிப் பழகியவர். எனக்கு லைசென்ஸ் கிடைத்த வாரம் முதல்முறையாக என்னை மலைக்கு ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "எந்தக் கீர்ல ஏறுனியோ, அந்தக் கீர்லயே இறங்கு." ஆட்டோ கார் வந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. உங்கள் கீர் கம்பிக்குப் பக்கத்தில் 3, 2, எல் (L) என்றோ, எஸ் (S), பி (B) என்றோ எழுதியிருக்கும், சில காரில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். இறக்கம் தொடங்குகிற இடத்திலேயே, வேகம் எடுப்பதற்கு முன்னால், இறக்கிப் போடுங்கள். இஞ்சின் உறுமும். வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறையப் பேர் மறுபடி டி-க்கு மாற்றிவிடுகிறார்கள். இஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொடாத வரைக்கும் அந்தச் சத்தத்தால் ஒன்றும் கெடாது, அது இஞ்சின் உங்களைப் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம். நியூட்ரலில் போட்டு எண்ணெய் மிச்சப்படுத்துவது மட்டும் கூடவே கூடாது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் பேடைக் கருக்குகிறது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே காட்டிவிடுங்கள். பேட் தடிமன், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், டயர். டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது, மலை மழைக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். முந்தின நாள் ராத்திரி கொண்டுபோனால் அவசரத்தில் யாரும் சரியாகப் பார்க்க மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தும் இறக்கத்தில் அந்த வாடை வந்தால், அல்லது பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனால், பட்டணம் இன்னும் பத்து நிமிஷம்தான் என்று ஓட்டாதீர்கள். கீரை இன்னும் ஒரு படி குறைத்து, அகலமான ஓரம் வந்தவுடன் ஒதுக்கி நிறுத்துங்கள். ஆட்டோ கார் என்றால் பார்க்கிங்கில் (P) போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எல்லோரையும் இறக்கிச் சாலை ஓரத்திலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய டிஸ்க் விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது காத்திருங்கள். பிறகு வண்டியை நகர்த்தாமலே மிதியை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் குறைந்த கீரில் மெதுவாக இறங்கி, முதலில் வருகிற பட்டறையில் காட்டுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பையனின் காரை அன்றைக்கு நான் தரவில்லை. டிஸ்க் வர மறுநாள் ஆகும் என்றேன். பாட்டியையும் பிள்ளைகளையும் அவன் அப்பாவோடு தாப்பா ரோட்டில் ரயில் ஏற்றிவிட்டு, அவன் மட்டும் ராத்திரி என் கடையிலேயே தங்கினான். காலையில் கார் தயாரானதும் எங்கள் பக்கத்துத் தோட்டத்து மேட்டில் ஏற்றி, இறக்கத்தில் கீரை எப்படி மாற்றுவது என்று மூன்று தடவை ஓட்ட வைத்தேன். முதல் தடவை இஞ்சின் உறுமியதும் அவன் கை தானாக டி-க்குப் போனது. மூன்றாவது தடவை போகவில்லை.