வேப்பம்புகையும் புகைதான்

"வேப்பிலைதானே டொக்டர், இயற்கையானது" என்று இன்னோர் அம்மாவும் சொல்லிவிட்டார். மடியில் பிள்ளைக்கு முட்டு (ஆஸ்துமா) இழுக்கிறது, நெஞ்சுக்குழி உள்ளே போய்ப்போய் வருகிறது. நுளம்புக்காகச் சட்டியில் தணல் போட்டு, பச்சை வேப்பிலையைத் தூவி, கதவையும் சாத்தியிருக்கிறார்கள். இந்த மாசியில் இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனேன்.

நுரையீரலுக்கு நல்ல புகை என்று ஒன்று கிடையாது. வேப்பிலை, வைக்கோல், விறகு, தென்னம்பாளை, சாம்பிராணி, நுளம்புச் சுருள், எதை எரித்தாலும் நுண்துகள் வரும். 2.5 மைக்ரோனுக்கும் சிறியவை. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பச்சை இலை என்றால் இன்னும் மோசம். ஈரம் இருப்பதால் சரியாக எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். வேம்பு மருந்து மரம்தான், நான் மறுக்கவில்லை. பூவில் வடகம் போடுங்கள், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் எரித்தால் வருவது புகை. நுளம்பு ஓடுகிறதே என்பீர்கள். ஓடும்தான், ஆனால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எங்கே ஓடும்? பட்டியில் மாடுகளுக்குப் புகை போடுவதைப் பார்த்துப் பழகிய கை, வீட்டுக்குள்ளும் அதையே செய்கிறது. பட்டிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. பிள்ளைக்கு நுளம்பு வலை கட்டுங்கள், போதும்.

"காற்று கெட்டது கொழும்பில், இது காடும் குளமும் உள்ள வன்னி" என்பது அடுத்த நம்பிக்கை. 2022 டிசம்பர் 9 அன்று, மாண்டஸ் புயலை ஒட்டிக் காற்று மாசடைந்ததால் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது மாஸ்க் தேடி அலைந்தோம். பக்கத்து வயலில் எழும் புகைக்கு யாரும் தேடுவதில்லை. காற்றில் இந்த நுண்துகளின் ஒரு நாள் சராசரி ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு நியமம் 50. மூடிய குசினியில் விறகடுப்பு எரியும்போது அது நூற்றுக்கணக்கில் ஏறும்.

காலபோக அறுவடை முடிந்ததும் பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அறுவடை மெசின் வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போனது உழவுக்கு இடைஞ்சல், இரணைமடுக் குளத்தில் சிறுபோகத் தண்ணீர் திறக்குமுன் வயல் ஆயத்தமாக வேண்டும். அந்த அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அது மழை விட்டு, இரவில் பனி கொட்டும் காலம். புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே தாழ்ந்து நிற்கும். விடிய எழும்பி "பனி மூட்டம்" என்கிறோம், மணந்து பார்த்தால் தெரியும். பிறகு பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள்.

விவசாயிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது பசளைக்குப் பட்ட பாடு மறந்திருக்காது. வைக்கோலை எரித்தால் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். பரவிவிட்டு மடக்கி உழுங்கள், இல்லையென்றால் மாடு வைத்திருப்பவரை ஏற்றிப் போகச் சொல்லுங்கள். ஆவணியில் புல் கருகிக் கிடக்கும்போது அந்த வைக்கோலுக்கு அலைவார்கள்.

முற்றம் கூட்டுகிறவர்களே, சருகோடு சொப்பிங் பையைச் சேர்த்துக் கொளுத்தாதீர்கள். சருகைக் கிடங்கில் போட்டால் உக்கும். வயல் எரிந்தால் புகைப் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், முட்டுக்காரரை வெளியே விடாதீர்கள். சேலைத் தலைப்பும் கைலேஞ்சியும் நுண்துகளை மறிக்காது.

அப்புறம் பம்ப், முட்டுக்கு வாயால் இழுக்கும் மருந்து. அது கடைசிக் கட்ட மருந்தும் அல்ல, பழகிவிட்டால் விட முடியாததும் அல்ல. மண்ணிற பம்ப் முட்டு வராமல் தடுப்பது. சுகமாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும், எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். நீலம் முட்டு வந்தால் எடுப்பது. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் (பம்பில் பொருத்தும் குழாய்) வைத்துத்தான். பேச மூச்சுப் போதாமல் திணறினால், விலா உள்ளிழுத்தால், உதடு நீலித்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நீல பம்பைக் கொடுத்துக்கொண்டே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், காசு கேட்க மாட்டார்கள். மருந்து முடிய ஒரு கிழமை இருக்கும்போதே கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது பம்பையும் கொண்டு வாருங்கள், எப்படி இழுக்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.