கெட்டிமேளம் கொட்டும்போது நின்றுபோன கேமரா

சித்தப்பா மகள் கல்யாணத்தில் மணவறைக்கு நேர் எதிரே வீடியோகாரர் நின்றுவிட்டார். பக்கவாட்டில், ஒரு தூணோரமாக, இரண்டாவது கேமராவோடு நான். பதிவு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் எழும்பி, எல்லார் கையிலும் அட்சதை தயாரான நேரம் பார்த்துத் திரையில் சிவப்புப் புள்ளி அணைந்தது. "கார்டின் எழுதும் வேகம் போதவில்லை" என்று ஒரு வரி வந்தது. மறுபடி பட்டனை அழுத்துவதற்குள் மூன்று முடிச்சும் முடிந்துவிட்டது.

அந்த மெமரி கார்டின் முகப்பில் நொடிக்கு 170 மெகாபைட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் கேமராவில் வைத்திருந்த தரத்துக்குத் தேவை நொடிக்கு 400 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட்; எட்டால் வகுத்தால் 50 மெகாபைட். 170 வேகம் உள்ள கார்டால் 50-ஐ எழுத முடியாதா?

முதல் விடை எளிது. அந்த 170, கார்டிலிருந்து படிக்கும் வேகம். எழுதும் வேகம் அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில், "90 வரை" என்று இருந்தது. சரி, 90 என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் 50-ஐ விடப் பெரிதுதானே? விஷயம் அந்த "வரை" என்ற சொல்லில் இருக்கிறது.

கேமராவுக்குள் செருகும் இந்த எஸ்டி கார்டு, அதற்குப் பதிலாகச் சிலர் கேபிளில் மாட்டிப் பதிகிற எஸ்எஸ்டி (கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்பகம்), இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே சரக்கு: நேண்ட் ஃப்ளாஷ் சிப். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கியது. தகவலை மொத்தமாக, ஒரே அடியில் அழிக்கும் விதம் கேமரா ஃப்ளாஷ் பளிச்சிடுவதை நினைவூட்டியதால், உடன் வேலை பார்த்தவர் இந்தப் பெயரைச் சொன்னாராம். பிற்காலத்தில் ஃபிலிம் சுருளையே கேமராவை விட்டுத் துரத்திய பொருளுக்குக் கேமராவிடமிருந்தே பெயர்!

இந்தச் சிப்பில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதுதான் "எழுதுவது". ஓர் அறையில் ஒரு பிட் என்றால், மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்ற இரண்டு நிலை போதும். மூன்று பிட் வைக்க எட்டு நிலை வேண்டும், நான்கு பிட்டுக்குப் பதினாறு. ஒரு டம்ளரில் தண்ணீரைப் பாதிவரை ஊற்றுவது சுலபம். பதினாறு கோடுகளில் ஏழாவது கோட்டுக்குச் சரியாக ஊற்றச் சொன்னால் கை தானாக நிதானமாகும். மலிவு விலையில் நிறைய இடம் தருகிற சிப்புகள் எழுதுவதில் மெதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை அழிப்பதில் இருக்கிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையை ஒவ்வொன்றாகப் போடலாம். எடுப்பது மட்டும் வரிசை முழுவதும் எழுந்த பிறகுதான். ஃப்ளாஷிலும் அப்படியே: எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக, அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாக. ஒரு வரிசையில் முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள், நான்கு பெரியவர்கள் மட்டும் இன்னும் பாயசத்தில் இருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? நிஜப் பந்தியில் காத்திருப்போம். ஃப்ளாஷில் கண்ட்ரோலர் என்கிற குட்டிச் சிப், அந்த நால்வரையும் இலையோடு தூக்கி வேறு வரிசையில் உட்கார வைத்துவிட்டு இந்த வரிசையைக் கழுவுகிறது. அது நடக்கிற வேளையில் புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

புகைப்படம் என்றால் நிற்கலாம். வீடியோ நிற்காது. சென்சாரிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருக்கும். கேமராவுக்குள் இருக்கும் பஃபர் நினைவகம் சிறிது நேரமே அவற்றைத் தாங்கும். அது நிரம்பினால் கேமராவுக்கு வேறு வழியில்லை, பதிவை நிறுத்திவிடும். ஆகவே வீடியோவுக்குக் கார்டின் சிறந்த வேகமும் சராசரி வேகமும் ஒரு பொருட்டே இல்லை. அதன் மிக மோசமான நொடியில் எவ்வளவு எழுதும் என்பதுதான் கணக்கு.

எஸ்டி கார்டு உலகம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. 2016-இல் வந்த எஸ்டி 5.0 விதிகளில் வீடியோ வேக வகுப்பு என்று ஒன்று சேர்ந்தது. வி30, வி60, வி90 என்று கார்டின் மூலையில் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். நொடிக்கு 30, 60, 90 மெகாபைட்டுக்குக் கீழே போகமாட்டேன் என்ற வாக்குறுதி அது. கேமராவும் கார்டும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, காலியாகக் கழுவி வைத்த வரிசைகளில் மட்டும் இலை போடுவதால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடிகிறது. என் கார்டில் இருந்தது வி30. 30-க்கு வாக்குக் கொடுத்தவனிடம் 50 கேட்டது நான். கார்டைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்புறம் ஏன் சிலர் கார்டை விட்டு எஸ்எஸ்டிக்குப் போகிறார்கள்? தகவல் பெருத்துவிட்டது, அதனால்தான். 4கே படம் ஒன்றில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 10 பிட் நிறத்தில், நொடிக்கு 25 படம் வீதம் சுருக்காமல் எழுதினால் நொடிக்கு 500 மெகாபைட்டைத் தாண்டும். சாதாரண கேமரா அதைக் கடுமையாகச் சுருக்கித்தான் 50-க்குக் கொண்டுவருகிறது. எடிட்டிங்குக்கு வசதியாகக் குறைவாகச் சுருக்கும் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ முறையில் இதே படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 92 மெகாபைட் வேண்டும். வி90-இன் வாக்கையே தாண்டிவிட்டது, பாருங்கள். 128 ஜிபி கார்டு 23 நிமிடத்தில் நிரம்பிவிடும். வி90 கார்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்தப் பணத்தில் அதைப்போலப் பல மடங்கு இடம் உள்ள வெளி எஸ்எஸ்டி கிடைக்கிறது.

2018-இல் வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே, யுஎஸ்பி-சி துளையில் எஸ்எஸ்டியைச் செருகி நேராகப் பதியும் வழக்கத்தைப் பரவலாக்கியது. பானசோனிக், ஃபுஜிஃபிலிம் நிறுவனங்களின் சில கேமராக்கள் பின்னால் வந்தன. 2023-இல் ஐபோன் 15 ப்ரோவும் சேர்ந்தது. அதில் 4கே ப்ரோரெஸை நொடிக்கு 60 படம் வீதம் எடுக்க வேண்டுமானால் வெளி எஸ்எஸ்டி இருந்தே ஆக வேண்டும். அந்தத் தரத்துக்கு நொடிக்கு சுமார் 220 மெகாபைட் தேவை.

எஸ்எஸ்டிக்கு இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? ஒரே சரக்குதான், பரிமாறும் ஆட்கள் அதிகம். கார்டுக்குள் நகத்தளவு இடத்தில் அதிகச் சிப்புகளை வைக்க வழியில்லை. எஸ்எஸ்டியில் கண்ட்ரோலர் பல சிப்புகளில் ஒரே நேரத்தில் எழுதுகிறது; ஒன்று கழுவிக்கொண்டிருந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளும். சூட்டை வெளியேற்றவும் உடம்பு இருக்கிறது. எஸ்டியைவிட வேகமான இன்னொரு வகைக் கார்டான சிஎஃப்எக்ஸ்பிரஸைத் திறந்து பார்த்தால் இதே தொழில்நுட்பம்தான்: கார்டு வடிவத்தில் அடைத்த எஸ்எஸ்டி. "கார்டா, எஸ்எஸ்டியா" என்ற சண்டையை அது பாதி முடித்துவைத்துவிட்டது. மீதிப் பாதி, விலை.

ஆனால் யுஎஸ்பி எஸ்எஸ்டி வி30 போல எந்த வாக்கும் தருவதில்லை. கேமராவுக்கு அது வெறும் ஒரு டிஸ்க். தேவையைவிடப் பல மடங்கு வேகம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஓடுகிறது. அந்தத் தைரியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பல எஸ்எஸ்டிகள் வரும் தகவலை முதலில் அறைக்கு ஒரு பிட் வீதம் அவசரமாக எழுதிக்கொள்கின்றன. மளிகைச் சாமானை வண்டியிலிருந்து இறக்கித் திண்ணையில் போடுவதுபோல. ஓய்வு கிடைக்கும்போது உள்ளே எடுத்துப்போய் மூன்று பிட், நான்கு பிட்டாக அடுக்குகின்றன. பெட்டியில் போட்டிருக்கும் 1000 மெகாபைட் வேகம், திண்ணையில் இடம் இருக்கும் வரைக்கும்தான். திண்ணை நிரம்பினால் அறைக்கு நான்கு பிட் வைக்கும் மலிவு ட்ரைவ்களில் சில, நொடிக்கு 100 மெகாபைட்டுக்கும் கீழே விழுகின்றன. ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்து "சூப்பர்" என்று விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. முக்கால் மணி நேரக் கச்சேரியைத் தொடர்ந்து பதிகிறவருக்குப் படும்.

அடுத்தது கேபிள். என்னைக் கேட்டால் எஸ்எஸ்டி பதிவின் நிஜமான பலவீனம் இதுதான். யுஎஸ்பி-சி முனை பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். போனுக்கு சார்ஜ் போடும் கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0; அதன் உச்ச வரம்பே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் அதுவும் வராது. எவ்வளவு விலை உயர்ந்த எஸ்எஸ்டியானாலும் இந்தக் கேபிளில் தவழத்தான் செய்யும்.

வேகமான கேபிளாகவே இருந்தாலும், அது உருவி வந்தால்? கார்டு கேமராவுக்குள் மூடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. கேபிளோ கூட்டத்தில் ஒருவர் தோள் பட்டால் போதும். பொதுவாக வீடியோ ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைக் கேமரா கடைசியில், நீங்கள் நிறுத்தும்போதுதான் எழுதும். அதற்குமுன் இணைப்பு அறுந்தால், அதுவரை எழுதிய அத்தனையும் டிஸ்க்கில் இருந்தும் வழக்கமான எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. பொருளடக்கமும் பக்க எண்ணும் இல்லாமல் உதிர்ந்து கிடக்கும் புத்தகம் மாதிரி. அதே கேமராவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்து மீட்கும் மென்பொருள்கள் உண்டு. பல சமயம் மீட்டும் விடுகின்றன. ஆனால் பெண் வீட்டாரிடம் "பல சமயம்" என்று சொல்ல முடியாது. அதனால் கேபிளைக் கேமராவோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன கிளாம்ப் ஒன்றை வாங்காமல் எஸ்எஸ்டி பக்கம் போகவே வேண்டாம்.

இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒரே காட்சியை இரண்டிலும் எழுதலாம். எஸ்எஸ்டியில் எழுதும்போது பல கேமராக்கள் அந்த வசதியைத் தருவதில்லை. போதாக்குறைக்கு எஸ்எஸ்டிக்கு மின்சாரமும் கேமரா பேட்டரியிலிருந்துதான் போகிறது.

நான் இப்போது முகூர்த்தத்துக்கு வி60 கார்டு இரண்டு போடுகிறேன், சுருக்கிய தரத்தில். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும் வரவேற்புக்கும் கச்சேரிக்கும் எஸ்எஸ்டி. புதிதாக எந்த ட்ரைவ் வாங்கினாலும் முதலில் வீட்டில் ஒரு சோதனை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தைக் காட்டிவிடுவேன். சுவரைக் காட்டினால் கேமரா சுலபமாகச் சுருக்கிவிடும்; காற்றில் ஆடும் ஆயிரம் இலைகளைச் சுருக்க முடியாமல் திணறி, அதிகபட்ச வேகத்தில் எழுதும். 1 டிபி ட்ரைவ் ப்ரோரெஸில் நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் பதிவு நின்றால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.