இரண்டு விரல் இடைவெளிக்காக ஒரு சஸ்பென்ஷன்

ஸ்போர்ட்ஸ் காருக்கு, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் பொருத்த வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாது, அப்படியொரு படம். புதுச்சேரியில் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் நான் கேட்பது, வண்டி தினமும் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான். கடலூர்ச் சாலை என்று பதில் வந்தால் பேச்சு நீளும். புதுச்சேரிப் பதிவான பி.ஒய். எண் பலகையை மாட்டிக்கொண்டு வெளி மாநிலத்தில் ஓடும் விலையுயர்ந்த கார்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இங்கேயே ஓடும் கார்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். அவசரத்தில் கொட்டி இறுக்கியவை அந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பகுதியோ பெரும்பாலும் தரையிலிருந்து 12, 13 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அதிலும் 4 செ.மீ. இறக்கினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடி உரசினால் சத்தம் கேட்கும், பார்த்துச் சரிசெய்யலாம். ஷாக் அப்சார்பரின் உள்ளே நடப்பதுதான் தெரியாமல் போகிறது. காயில்ஓவரில் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். குழாயின் வெளிப்புறத்தில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை அந்த மரையில் ஏற்றி இறக்கினால் வண்டியின் உயரம் மாறும். விலை குறைந்தவற்றில் இது ஒன்றே வழி. வளையத்தை இறக்க இறக்க, ஷாக் அப்சார்பரின் தண்டு குழாய்க்குள் புதைந்து நிற்கும். பள்ளத்தில் விழும்போது மேற்கொண்டு அமுங்க இடம் இருக்காது. தண்டின் முடிவில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். வளைவில் திரும்பும்போது அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று போய்விடும். அடித்தாங்கி தனியாக உள்ள வகையில் குழாயையே தாங்கிக்குள் திருகி உயரத்தை மாற்றலாம், தண்டின் ஓட்டம் குறையாது. ஆனால் அங்கேயும் டயர் மேல் வளைவில் உரசும் எல்லை ஒன்று உண்டு.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே தண்டின் மேல் மூடியிருக்கும் ரப்பர் உறையை விலக்கி, பளபளக்கும் தண்டில் சிறிய பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டிக் குழாயின் வாய்வரை தள்ளி வைப்பேன். வண்டியை அவர்கள் வழக்கமாகப் போகும் வழியில் ஓட்டி வரச் சொல்வேன். திரும்பி வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரம் டை மேலே ஏறியிருக்கும். அது பம்ப் ஸ்டாப்பில் ஒட்டிக்கொண்டு நசுங்கியிருந்தால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலோர் தாங்களாகவே ஒன்றரை, இரண்டு செ.மீ. ஏற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது, ஷாக் அப்சார்பர் அமுங்கி விரியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளிக் திருகு. முழுவதும் இறுக்கினால்தான் பந்தயக் கார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்தடுத்துப் பட்டைகளாகப் போட்டிருக்கும் வேகத்தடைகளில் அது எப்படி என்று பாருங்கள். ஷாக் அப்சார்பர் விரியும் வேகத்தை அளவுக்கு மீறிக் கட்டிப்போட்டால், முதல் பட்டையில் மேலே போன சக்கரம் இறங்குவதற்குள் அடுத்த பட்டை வந்துவிடும். பட்டைக்குப் பட்டை வண்டி தாழ்ந்துகொண்டே போகும். திருகை முழுவதும் இறுக்கி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே பாதி வரை தளர்த்துங்கள். இடமும் வலமும் ஒரே எண். பிறகு இரண்டு கிளிக்காக மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

பொருத்தும் இடத்தில் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை ஏர் கன்னால் அடித்து முடுக்கினால் தண்டு உள்ளே சுழன்று எண்ணெய் சீலைக் கெடுக்கும். கையால் இறுக்க வேண்டும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுவது இன்னொரு வழக்கம். வண்டி தரையில் நின்றதும் அந்த ரப்பர், கழுத்து சுளுக்கிக்கொண்டவன் திரும்பிப் பார்ப்பதுபோல, எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதங்களில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறை இறுக்க வேண்டும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் பழைய கிளிப்பில் அமர்ந்தனவா என்றும் பார்த்துவிடுங்கள். உயரம் மாறினால் கேம்பர் என்ற சக்கரச் சாய்வும் டோ என்ற சக்கரத் திசைக் கோணமும் மாறும், டயரின் உள்விளிம்பு தேயும். வீல் அலைன்மென்ட் அன்றே தேவை. ஸ்பிரிங் படிந்ததும், சில நூறு கிலோமீட்டரில், மறுபடியும் தேவை. முகப்பு விளக்கின் கோணத்தையும் அப்போதே சரிசெய்யுங்கள்.

இனி உப்பு. மரைக்குழாய் எஃகு, வளையம் பெரும்பாலும் அலுமினியம். இரண்டும் உப்பீரத்தில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி வளையம் குழாயோடு இறுகிவிடும். தேவனாம்பட்டினத்திலும் காலாப்பட்டிலும் கடற்கரையோரம் நிறுத்தும் வண்டிகளில் உயரம் மாற்ற ஸ்பேனரைப் போட்டால் வளையத்தின் பல்தான் உடைகிறது. மழைக்காலம் முடிந்ததும் மரையை நல்ல தண்ணீரில் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, துரு தடுக்கும் திரவத்தை மெல்லத் தெளியுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காயில்ஓவர் தயாரிக்கும் கேடபிள்யூ (KW) போன்ற நிறுவனங்கள் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் செய்கின்றன. விலை கூடுதல்தான், ஆனாலும் கடலோரத்துக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பொருத்தும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். கழற்றிய ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், மேல் தாங்கி எல்லாவற்றையும் இடம், வலம் என்று எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.